பழைய 9 எம்.எம். கார்பைன்: வாங்குவது முதல் மேம்படுத்துவது வரை முழுமையான வழிகாட்டி

கைத்துப்பாக்கியின் தோட்டாவையே சுடும், தோளில் வைத்துப் பிடிக்கும் குட்டை ரைஃபிள்தான் இங்கே பேசப்படும் கார்பைன். பின்னுதைப்பு குறைவு, தோட்டா மலிவு, ரைஃபிளை விடாத பல உள்ளரங்கச் சுடுதளங்களும் இதை அனுமதிக்கும். அமெரிக்காவில் பழைய சந்தையில் இது தாராளமாகக் கிடைக்கிறது. அங்கே வாழும் தமிழர்களில் சட்டப்படி வாங்கத் தகுதியுள்ளவர்களுக்காக இதை எழுதுகிறோம். எடுத்துக்காட்டு முழுக்க ருகர் நிறுவனத்தின் பிசி கார்பைன், 9 எம்.எம். (தோட்டாவின் விட்டம்).

புதிதாக வாங்குகிறவர்கள் சறுக்குவது பெரும்பாலும் வரிசையில். துப்பாக்கி வீட்டுக்கு வந்த அன்றே ட்ரிகரையும் (சுட அழுத்தும் விசை) ஸ்பிரிங்கையும் சார்ஜிங் ஹேண்டிலையும் (தோட்டா ஏற்றப் பின்னிழுக்கும் கைப்பிடி) மாற்றிவிட்டுச் சுடுதளத்துக்குப் போகிறார்கள். அங்கே தோட்டா சிக்கினால் அது பழைய சொந்தக்காரர் விட்டுப்போன கோளாறா, புது ஸ்பிரிங்கின் வேலையா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே உள்ளதை உள்ளபடியே சுட்டுப் பார்த்துவிட்டு, பிறகு ஒவ்வொன்றாக மாற்றுங்கள். கீழே உள்ள வரிசை முழுவதும் இதை வைத்துத்தான் அமைந்திருக்கிறது.

## 1. முதலில் உங்கள் தகுதி

துப்பாக்கியைப் பார்க்கும் முன் உங்கள் விசாவைப் பாருங்கள். எச்-1பி, எச்-4, எஃப்-1, எல்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வாங்குவதும் வைத்திருப்பதும் கூட்டரசுச் சட்டப்படி குற்றம். ஏதேனும் ஒரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விலக்குகள் உண்டு. விலக்கில் வருகிறோமா என்பதை ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அலுவலக நண்பர் 'எல்லாரும் செய்றாங்கப்பா' என்று சொல்வதை நம்பி இறங்க வேண்டாம். சுடுதளத்தில் வாடகைக்கு எடுத்துச் சுடுவதும் 'வைத்திருப்பது' என்ற கணக்கில்தான் வரும்.

கிரீன் கார்டு உள்ளவர்களும் குடிமக்களும் வாங்கலாம். உரிமம் பெற்ற கடையில் ரைஃபிள் வாங்கக் கூட்டரசுச் சட்டப்படி 18 வயது போதும். சில மாநிலங்கள் 21 கேட்கின்றன.

நம்மவர்கள் தெரியாமல் மாட்டக்கூடிய இடம் ஒன்று உண்டு. விசாவில் இருக்கும் நண்பர் பணம் கொடுக்க, கிரீன் கார்டு உள்ளவர் தன் பெயரில் வாங்கித் தருவது. கடையில் நிரப்பும் கூட்டரசின் 4473 படிவத்தில் 'உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா' என்ற கேள்விக்கு அங்கே எழுதுவது பொய்யாகிவிடும். அது சிறைத்தண்டனைக்குரிய குற்றம். ஒரே வீட்டில் ஒருவர் குடிமகன், இன்னொருவர் விசாவில் என்றால், சாவியும் எண்பூட்டின் எண்ணும் குடிமகனிடம் மட்டுமே இருக்க வேண்டும்.

கஞ்சாவை உங்கள் மாநிலம் அனுமதித்திருக்கலாம். கூட்டரசின் 4473 படிவம் அதைக் கணக்கில் எடுக்காது என்று அந்தப் படிவத்திலேயே எச்சரிக்கை அச்சடித்திருக்கிறது.

## 2. மாநில விதியும் நீளக் கணக்கும்

கலிஃபோர்னியா, நியூயார்க், நியூஜெர்சி போன்ற மாநிலங்களில் மரையுள்ள குழல் முனை, 10 தோட்டாவுக்கு மேல் கொள்ளும் மேகசின் (தோட்டாக்களை அடுக்கிச் செருகும் பெட்டி), தனிப்பிடி (கைத்துப்பாக்கியில் இருப்பது போன்ற பிடி) ஆகியவற்றுக்குத் தனித்தனி விதிகள் உண்டு. அதற்காகவே ருகர் மரையில்லாத குழலும் 10 தோட்டா மேகசினும் கொண்ட வகையைத் தனியாக விற்கிறது. வேறு மாநிலத்திலிருந்து மலிவாக வருகிறது என்று மரை முனை உள்ளதை வரவழைத்தால், உள்ளூர்க் கடைக்காரர் உங்களிடம் ஒப்படைக்க மறுத்துவிடுவார். திருப்பி அனுப்பும் செலவும் உங்கள் தலையில்.

ரைஃபிளுக்குக் குழல் குறைந்தது 16 அங்குலம், மொத்த நீளம் குறைந்தது 26 அங்குலம் இருக்க வேண்டும். பிசி கார்பைனின் குழல் 16.12 அங்குலம். கைவசம் இருப்பது ஓர் அங்குலத்தின் எட்டில் ஒரு பங்குதான். யாராவது முனையைக் கொஞ்சம் வெட்டிச் சீராக்கியிருந்தால்கூட எல்லை தாண்டிவிடும்.

இன்னொரு கண்ணி, இதே குடும்பத்தின் பிசி சார்ஜர். அது 6.5 அங்குலக் குழல் கொண்ட கைத்துப்பாக்கி வகை, 2020-ல் வந்தது. இரண்டிலும் முன்பாதி கழன்று வரும். சார்ஜரின் முன்பாதியைத் தோள்கட்டை உள்ள கார்பைனில் மாட்டிய நொடியில், பதிவில்லாத குறுங்குழல் ரைஃபிள் உங்கள் கையில் இருக்கிறது. பத்தாண்டு வரை சிறை. இதற்கான 200 டாலர் வரி 2026 ஜனவரி 1 முதல் பூஜ்யமாகிவிட்டது உண்மைதான். ஆனால் முன்கூட்டியே விண்ணப்பித்து அனுமதியும் பதிவும் பெற வேண்டும் என்ற விதி அப்படியே இருக்கிறது.

## 3. எந்த மாடல்

பிசி கார்பைன் 2017 இறுதியில் அறிமுகமானது. பழைய சந்தையில் இதைப் பரிந்துரைக்கக் காரணம் மூன்று. உதிரிபாகம் எளிதில் கிடைக்கும். மேகசின் நுழையும் கூட்டை மாற்றினால் ருகர் மேகசினும் க்ளாக் (வேறொரு துப்பாக்கி நிறுவனம்) மேகசினும் ஏற்கும். குழல் தனியே கழன்று வருவதால் உள்ளே பார்த்துச் சோதிப்பது சுலபம்.

மார்லின் கேம்ப் 9 அழகான மரக்கட்டைத் துப்பாக்கி, 1999-ல் உற்பத்தி நின்றுபோனது. அதன் உள்ளே, போல்ட் (சுடும்போது முன்னும் பின்னும் ஓடும் கனமான உலோகப் பாகம்) மோதும் அடியைத் தாங்கும் பிளாஸ்டிக் பஃபர் வயதாகிப் பொடிந்தோ பசையாகியோ போயிருக்கும். அதை மாற்றாமல் சுட்டால் போல்ட்டின் அடி நேராக மரக்கட்டையில் இறங்கி விரிசல் விடும். பஃபரும் ஸ்பிரிங்கும் மாற்றத் தயார் என்றால் மட்டும் வாங்குங்கள். ருகரின் பழைய பிசி9 வேறு துப்பாக்கி. பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், அது ருகரின் பி-வரிசைக் கைத்துப்பாக்கி மேகசினை ஏற்பது.

ஏஆர் (அமெரிக்காவில் பரவலான ஏஆர்-15 ரைஃபிள்) வடிவ 9 எம்.எம். துப்பாக்கிகளைத் தனியாள் ஆங்காங்கே பாகம் வாங்கிக் கோத்திருப்பார். போல்ட், பஃபர், ஸ்பிரிங், மேகசின் கூடு நான்கும் நான்கு கம்பெனியாக இருக்கும். முதல் துப்பாக்கியாக அதை வாங்காதீர்கள்.

## 4. பார்க்கப் போகும்போது எடுத்துச் செல்ல வேண்டியவை

சிறிய டார்ச். 9 எம்.எம். குழலுக்கான சுத்தக் கம்பி, சில துணித்துண்டுகள். 36 அங்குல மரக்குச்சி (குழலுக்குள் தளர்வாகப் போகும் தடிமன்), பென்சில், டேப். ஒரு க்ளாக் மேகசின், காலியாக. விற்பவர் அனுமதித்தால் இரண்டு 9 எம்.எம். டம்மி தோட்டா (வெடிமருந்தில்லாத பயிற்சித் தோட்டா). உண்மையான தோட்டாவைப் பார்க்கும் இடத்துக்குக் கொண்டுபோகவே வேண்டாம்.

## 5. நேரில் சோதிக்கும் வரிசை

முதலில் காலி செய்யுங்கள். மேகசினை எடுத்து, போல்ட்டைப் பின்னிழுத்துப் பூட்டி, சேம்பரை, அதாவது குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறையை, கண்ணால் பாருங்கள், சுண்டுவிரலாலும் தொட்டுப் பாருங்கள். விற்பவர் இப்போதுதான் காலி செய்து காட்டியிருந்தாலும் நீங்களும் செய்ய வேண்டும். இதைக் கேட்டு முகம் சுளிப்பவரிடம் வாங்க வேண்டாம்.

திருகுகளைப் பாருங்கள். தோள்கட்டையின் அடியில் இருக்கும் திருகுகளின் மண்டை உருண்டிருந்தால் சரியில்லாத கருவியால் யாரோ திறந்திருக்கிறார்கள் என்று பொருள். திறந்ததில் தப்பில்லை. என்ன மாற்றினீர்கள் என்று கேளுங்கள். 'ஒன்றும் மாற்றவில்லை' என்ற பதிலும் உருண்ட திருகும் ஒத்துப்போகாது.

வரிசை எண். தெளிவாக, சுரண்டப்படாமல் இருக்க வேண்டும். அழிக்கப்பட்ட எண்ணுள்ள துப்பாக்கியைத் தெரிந்தே வைத்திருப்பது குற்றம். கடையில் நடக்கும் பின்னணிச் சோதனை உங்களைப் பற்றியது. துப்பாக்கி திருட்டுப் பொருளா என்று அது பார்ப்பதில்லை. தனிநபரிடம் வாங்கும்போது சந்தேகம் இருந்தால் உள்ளூர்க் காவல் நிலையத்தில் எண்ணைக் கொடுத்துக் கேட்கலாம்.

குழலைப் பிரியுங்கள். போல்ட் பின்னால் பூட்டியிருக்க, முன்கட்டையின் அடியில் இருக்கும் சிறு நெம்பை அழுத்தி, முன்பாதியைத் திருகி இழுத்தால் கையோடு வந்துவிடும். இப்போது சேம்பர் பக்கமிருந்து டார்ச் அடித்து மறுமுனை வழியே பாருங்கள்.

தேட வேண்டியது கரிய வளையம். மருந்து குறைந்த தோட்டா ஒன்று குழலின் நடுவில் நின்றுபோய், அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டிருந்தால், அந்த இடத்தில் குழல் வெளிப்பக்கமாகப் புடைத்து, உள்துளை அகன்றிருக்கும். ஒளியில் அது ஒரு நிழல் மோதிரம் போலத் தெரியும். உறுதி செய்ய, துணித்துண்டு சுற்றிய கம்பியை மெல்லத் தள்ளுங்கள். சீரான இறுக்கத்தோடு போகும் கம்பி ஓரிடத்தில் மட்டும் திடீரென்று இலகுவாகி, மறுபடி இறுகினால் அங்கே புடைப்பு. பேரம் பேசாமல் வைத்துவிட்டு வாருங்கள்.

வெறும் அழுக்கைக் கண்டு பயப்பட வேண்டாம். இந்தக் கார்பைனின் ப்ளோபேக் இயக்கத்தில், சுடும்போது போல்ட்டைப் பூட்டும் அமைப்பு இல்லை. கனம்தான் அதைப் பிடித்துவைக்கிறது. குழலில் அழுத்தம் முழுதும் தணியும் முன்பே போல்ட் பின்னால் நகரத் தொடங்குவதால் கரி உள்ளே தாராளமாக வரும். நூறு தோட்டா சுட்டதும் ஆயிரம் சுட்டதும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்.

முனை மரை. 1/2-28 மரை. மூடியைக் கையால் கழற்றிப் பாருங்கள். கழலவே இல்லை என்றால் துருவோ பசையோ பிடித்திருக்கிறது. குழல் முனை விளிம்பில் நகத்தால் தடவினால் சிக்கும் வெட்டு இருந்தால் குறி சிதறும்.

மூட்டு ஆட்டம். மறுபடி மாட்டுங்கள். 'க்ளிக்' என்று பூட்டிய பிறகு பின்பாதியை ஒரு கையிலும் குழலை ஒரு கையிலும் பிடித்து மேலும் கீழும் அசையுங்கள். ஆட்டம் இருக்கவே கூடாது. இருந்தால் இறுக்கச் சரிசெய்யும் வளையம் உண்டு. பெரும்பாலும் அதிலேயே தீர்ந்துவிடும். வளையத்தைச் சரிசெய்த பிறகும் ஆடினால்தான் பிரச்சினை.

நீளம். குழல் அசல்தானா என்று சந்தேகம் வந்தால் குச்சியை எடுங்கள். காலியான துப்பாக்கியில் போல்ட்டை மூடி, முனை வழியே குச்சியை விட்டு, போல்ட் முகத்தில் முட்டியதும் முனை விளிம்பில் பென்சில் கோடு போடுங்கள். வெளியே எடுத்து அளந்தால் அதுதான் சட்டப்படியான குழல் நீளம். கழற்றக்கூடிய முனைக் கருவி எதுவும் கணக்கில் சேராது.

ட்ரிகர். அனுமதி கேட்டு, காலியான துப்பாக்கியில் சேஃப்டியைப் போட்டு விசையை அழுத்துங்கள். சுத்தியல் (தோட்டாவை வெடிக்கவைக்கும் ஊசியை அடிக்கும் உள்பாகம்) விழக்கூடாது. சேஃப்டியை எடுக்கும்போதும் தானாக விழக்கூடாது. பிறகு விசையை அழுத்திச் சுத்தியலை விழவிட்டு, விரலை எடுக்காமல் போல்ட்டை இழுத்து விடுங்கள். இப்போது விரலை மெல்லத் தளர்த்தினால் ஒரு சிறு 'டிக்' கேட்க வேண்டும், மறுபடி அழுத்தினால் சுத்தியல் விழ வேண்டும். கடைசியாக, விசையைத் தொடாமல் போல்ட்டை நான்கைந்து முறை பலமாக விட்டுப் பாருங்கள். சுத்தியல் கூடவே விழுந்தால் யாரோ உள்ளே அரத்தால் ராவியிருக்கிறார்கள். ஒரு அழுத்தலுக்கு ஒன்றுக்கு மேல் சுடும் துப்பாக்கி சட்டத்தின் கண்ணில் இயந்திரத் துப்பாக்கி. அதைத் தொடவே வேண்டாம்.

போல்ட் முகமும் எக்ஸ்ட்ராக்டரும். எக்ஸ்ட்ராக்டர் என்பது சேம்பரிலிருந்து ஓட்டை இழுத்தெடுக்கும் பாகம். அதன் கொக்கி கூராக இருக்கிறதா, விரல்நகத்தால் தள்ளினால் ஸ்பிரிங்கோடு திரும்புகிறதா என்று பாருங்கள். டம்மி தோட்டா இருந்தால் ஏற்றி, போல்ட்டை இழுத்து வெளியே வீசுகிறதா என்றும் பார்க்கலாம்.

மேகசின் கூடு. இதுதான் அதிகம் பேர் தவறவிடுவது. புதிதாக வாங்கியபோது இதனுடன் ருகர் கூடு ஒன்றும் க்ளாக் கூடு ஒன்றும் வந்திருக்கும். இப்போது உள்ளே எது இருக்கிறது, மற்றது எங்கே என்று கேளுங்கள். காலி க்ளாக் மேகசினை நுழைத்து, பூட்டுகிறதா, பட்டனை அழுத்தினால் தானாக விழுகிறதா, போல்ட் கடைசியில் பின்னால் நிற்கிறதா என்று மூன்றையும் பாருங்கள்.

## 6. விலையும் காகிதமும்

கேட்கும் விலையை அதே மாடல் இன்று புதிதாகக் கடையில் என்ன விலை என்பதோடு ஒப்பிடுங்கள், பட்டியல் விலையோடு அல்ல. காணாமல் போன கூடு, மேகசின், தோள்கட்டை ஸ்பேசர்கள் (கட்டையின் நீளத்தைக் கூட்டும் துண்டுகள்) ஆகியவற்றின் விலையைக் கழியுங்கள். பழையவர் போட்ட அலங்காரங்களுக்குக் காசு கொடுக்க வேண்டாம். அவற்றில் பாதியை நீங்கள் கழற்றத்தான் போகிறீர்கள்.

வேறு மாநிலத்தவரிடம் வாங்கினால் உரிமம் பெற்ற கடை வழியாகத்தான் பெற வேண்டும்; உங்கள் ஊர்க் கடைக்கு அனுப்பச் சொல்வது வழக்கம். கடை ஒரு கட்டணம் வாங்கும், முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே மாநிலத்துத் தனிநபர் விற்பனையில் பின்னணிச் சோதனையைக் கூட்டரசு கேட்பதில்லை, பல மாநிலங்கள் கேட்கின்றன. உங்கள் மாநிலம் கேட்காவிட்டாலும் கடை வழியாகச் செய்துகொள்வது நல்லது. இரண்டு பேருக்கும் பதிவு கிடைக்கும்.

அடையாள அட்டையில் இருக்கும் முகவரி இப்போது வசிக்கும் முகவரியாக இருக்க வேண்டும். வீடு மாறி ஓட்டுநர் உரிமத்தை மாற்றாமல் வைத்திருப்பவர்கள் கவுண்டரிலேயே திரும்பி வருகிறார்கள். பின்னணிச் சோதனையில் 'டிலேட்' (தாமதம்) என்று பதில் வந்தால் மறுப்பு என்று பொருளல்ல, காத்திருங்கள். நம் பெயர்கள் வேறொருவரின் பெயரோடு ஒத்துப்போவது சாதாரணம்.

## 7. வீட்டில் முதல் வேலை: சுத்தம்

ருகர் தளத்தில் கையேடு இலவசமாகக் கிடைக்கும். வரிசை எண்ணைக் கொடுத்துத் தயாரித்த ஆண்டையும் பார்க்கலாம். திரும்பப்பெறும் அறிவிப்பு ஏதும் உங்கள் எண்ணுக்கு இருக்கிறதா என்றும் அங்கேயே தேடுங்கள்.

கையேட்டின் வரிசைப்படி பிரித்து, போல்ட்டையும் அது ஓடும் தடத்தையும் கரைப்பானால் துடையுங்கள். ஃபயரிங் பின் (தோட்டாவின் பின்புறத்தை அடிக்கும் ஊசி) ஓடும் துளையில் எண்ணெய் விடாதீர்கள். எண்ணெயும் கரியும் சேர்ந்து கூழாகி, ஊசியின் வேகத்தைக் குறைக்கும். தோட்டா வெடிக்காமல் நிற்கும். தடத்தில் இரண்டு மூன்று சொட்டு போதும். சமையலறையில் செய்ய வேண்டாம். கரியில் ஈயம் இருக்கிறது. முடித்ததும் குளிர்ந்த தண்ணீரில் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

போல்ட்டுக்குள் ஒரு டங்ஸ்டன் எடை ஆடுவதைப் பார்த்து உடைந்துவிட்டது என்று பதறாதீர்கள். போல்ட் முட்டித் திரும்பும் அதிர்வை உள்வாங்க ருகர் வைத்ததுதான் அது.

## 8. மாற்றமில்லாமல் 200 தோட்டா

கண்ணுக்கும் காதுக்கும் பாதுகாப்பு அணிந்து, சுடுதளத்தில், எதையும் மாற்றாமல் தொடங்குங்கள்.

முதலில் மேகசினில் ஒரே ஒரு தோட்டா. சுட்டதும் போல்ட் பின்னால் நிற்க வேண்டும். அடுத்து இரண்டு. இரண்டு என்பது சும்மா இல்லை. ஒரு அழுத்தலுக்கு இரண்டும் போய்விட்டால் மேகசினில் மிச்சம் எதுவும் இருக்காது, அங்கேயே நிறுத்திவிடலாம். நேராக 17 தோட்டா போட்டுத் தொடங்குவது பழைய துப்பாக்கியில் செய்யக்கூடாத காரியம்.

பிறகு 115 கிரெய்ன் (பறந்துபோகும் முனையின் எடை அளவு) தோட்டா 100, 124 கிரெய்ன் 50, உங்களிடம் இருந்தால் 147 கிரெய்ன் 50. மேகசின்களுக்கு 1, 2, 3 என்று பெயிண்ட் பேனாவால் எண் போட்டு, எந்த மேகசினில் எத்தனையாவது தோட்டா சிக்கியது என்று குறியுங்கள். சிக்கல்கள் எல்லாம் 2-ஆம் எண்ணிலேயே வந்தால் துப்பாக்கியில் குறையில்லை.

வழக்கமான சத்தம் வராமல் 'பொத்' என்று மட்டும் கேட்டால் உடனே நிறுத்துங்கள். குழலில் தோட்டா நின்றிருக்கலாம். குழலைக் கழற்றிப் பார்த்த பிறகே அடுத்தது.

## 9. முதல் மேம்பாடு: மேகசின்

பளபளப்பாக எதுவும் தெரியாது, ஆனால் பலன் இதில்தான் அதிகம். அசல் ருகர் அல்லது அசல் க்ளாக் மேகசின் மூன்று வாங்குங்கள். மலிவான நகல்களில் உதடு (தோட்டாவைப் பிடித்துவைக்கும் மேல் விளிம்பு) வளைவும் ஸ்பிரிங் பலமும் ஒரே சீராக இருப்பதில்லை.

இடக்கைக்காரர்கள் மேகசின் பட்டனை மறுபக்கம் மாற்றலாம். அப்படி மாற்றினால் மூன்றாம் தலைமுறை வரையிலான பழைய க்ளாக் மேகசின்கள் பூட்டாது, அவற்றில் அந்தப் பக்கம் வெட்டு இல்லை. நான்காம் தலைமுறைக்குப் பிந்தியவை வேண்டும்.

## 10. ரெட் டாட் பொருத்துதலும் ஜீரோவும்

பிசி கார்பைனின் இரும்புக் குறிகள் இரண்டும் குழலில் இருக்கின்றன. ரெட் டாட் (கண்ணாடியில் சிவப்புப் புள்ளி காட்டும் குறிக்கருவி) மாட்டும் தண்டவாளமோ பின்பாதியில் இருக்கிறது. குழலைக் கழற்றி மாட்டினால் இரும்புக் குறி மாறாது, ரெட் டாட் மாறலாம். இடையில் இருப்பது அந்த மூட்டு. அதனால் வளையத்தை இறுக்கி ஆட்டத்தைப் போக்கிய பிறகே ஜீரோ (புள்ளி காட்டும் இடத்திலேயே தோட்டா விழும்படி சரிசெய்தல்) செய்ய வேண்டும். வளையத்துக்குக் கை விரல் போதும், ப்ளையர் வேண்டாம்.

சாதாரண தோள்கட்டைக்குத் தாழ்ந்த மவுண்ட் (ரெட் டாட்டைத் தாங்கும் அடிப்பாகம்) போடுங்கள். ஏஆர் உயரத்து மவுண்ட் போட்டால் கன்னம் கட்டையில் படாமல் அந்தரத்தில் நிற்கும். ஏஆர் பாணிக் கட்டை மாட்டிய சாசிஸ் வகைக்கு உயரமான மவுண்ட் ஒத்துவரலாம். கன்னத்தை வைத்துப் பார்த்து முடிவெடுங்கள்.

தண்டவாளத்தையும் திருகையும் ஆல்கஹாலால் துடைத்து எண்ணெயை நீக்குங்கள். மவுண்ட்டைக் குழல் முனைப் பக்கம் தள்ளிப் பிடித்தபடி இறுக்குங்கள். உதைப்பில் அது நகர இடமிருக்காது. இறுக்கம் மவுண்ட் தயாரிப்பாளர் சொன்ன இன்ச்-பவுண்ட் அளவு. திருகு மண்டையிலிருந்து உடல் வரை ஒரு பெயிண்ட் கோடு. கோடு விலகியிருந்தால் திருகு தளர்ந்துவிட்டது என்று பார்த்ததுமே தெரியும்.

ஜீரோவை 25 கஜத்தில் தொடங்கி 50 கஜத்தில் முடியுங்கள். ரெட் டாட்டின் திருகில் ஒரு கிளிக் 1 எம்.ஓ.ஏ. (100 கஜத்தில் சுமார் ஓர் அங்குலம் வரும் கோண அளவு) என்றால் 25 கஜத்தில் அது கால் அங்குலம். ஐந்து தோட்டாக் கூட்டத்தின் நடுப்புள்ளி 2 அங்குலம் கீழே, 1 அங்குலம் வலப்பக்கம் இருக்கிறது என்று வையுங்கள்: மேலே 8 கிளிக், இடப்பக்கம் 4 கிளிக். ஒவ்வொரு தோட்டாவுக்கும் திருகிக்கொண்டே இருந்தால் ஜீரோ கிடைக்காது, ஐந்து சுட்டு ஒருமுறை திருகுங்கள்.

115 கிரெய்ன் தோட்டா இந்தக் குழலில் நொடிக்குச் சுமார் 1,250 முதல் 1,300 அடி வேகத்தில் போகும். டாட் குழலுக்கு ஒன்றரை அங்குலம் மேலே இருந்தால், 50 கஜ ஜீரோவில் 25 கஜத்திலும் கிட்டத்தட்ட குறியிலேயே விழும், 10 கஜத்தில் முக்கால் அங்குலம் கீழே, 100 கஜத்தில் ஐந்து ஆறு அங்குலம் கீழே. பக்கத்துக் குறியில் தோட்டா கீழே போவதைப் பார்த்து டாட்டைத் திருப்பாதீர்கள். அது குறைபாடல்ல, உயர வித்தியாசம்.

கடைசியில் ஒரு சோதனை. ஐந்து சுடுங்கள், குழலைக் கழற்றி மாட்டுங்கள், அதே தாளில் இன்னும் ஐந்து சுடுங்கள். இரண்டு கூட்டமும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தால் மூட்டு சரி. தெளிவாகப் பிரிந்து நின்றால் வளையத்துக்குத் திரும்புங்கள்.

## 11. தோள்கட்டை, ஸ்லிங்

ஸ்பேசர்களைக் கூட்டிக் குறைத்து நீளத்தை மாற்றலாம். நம் சராசரி உயரத்துக்கு வந்தபடியே இருப்பது பெரும்பாலும் நீளம்தான். விசைமேல் விரல் இருக்கும்போது மூக்கும் கட்டைவிரலும் இரண்டு விரல் இடைவெளியில் இருந்தால் போதும். குளிர்காலக் கோட்டு போட்டும் ஒருமுறை பாருங்கள். ஸ்லிங்கின் (தோளில் மாட்டும் வார்) இரண்டு முனையும் பின்பாதியிலும் முன்பாதியிலும் பிரிந்து இருப்பதால், குழலைக் கழற்றும் முன் ஒரு முனையைக் கழற்ற மறவாதீர்கள்.

## 12. ட்ரிகர்: கடைசியில், தேவைப்பட்டால்

இதன் ட்ரிகர் உள்பாகங்கள் ருகர் 10/22 (ருகரின் சிறிய .22 ரைஃபிள்) குடும்பத்தைச் சேர்ந்தவை. அதனால் 10/22-க்கான ட்ரிகர் தொகுதி அப்படியே பொருந்தும் என்று நினைத்து வாங்கிவிடுகிறார்கள். முழுத் தொகுதி பொருந்தாது. பிசி கார்பைனுக்கென்று குறிப்பிட்டு விற்பதை மட்டும் வாங்குங்கள்.

சுத்தியல் ஸ்பிரிங்கை இலகுவாக்க வேண்டாம். 10/22 சுடுவது மெல்லிய விளிம்பில் அடிபட்டு வெடிக்கும் .22. 9 எம்.எம். தோட்டாவின் ப்ரைமருக்கு (ஊசி அடித்ததும் பற்றி மருந்தை எரியவைக்கும் சிறு மூடி) அதைவிட வலுவான அடி வேண்டும். விசை இலகுவாகும், பத்தில் ஒரு தோட்டா வெடிக்காது. அந்த வியாபாரம் தேவையில்லை. மாற்றியபின் 5-ஆம் படியில் சொன்ன ட்ரிகர் சோதனை முழுவதையும் மறுபடி செய்து, ஒன்று, இரண்டு தோட்டா என்று தொடங்கி 50 சுடுங்கள்.

## 13. தொட வேண்டாதவை

போல்ட்டின் கனத்தைக் குறைக்காதீர்கள். பூட்டில்லாத இயக்கத்தில் தோட்டாவின் ஓடு சேம்பருக்குள் இருக்கும்வரை போல்ட்டைப் பிடித்துவைப்பது அந்தக் கனம்தான். இலகுவான போல்ட் சீக்கிரம் திறக்கும், ஆதாரமில்லாத ஓடு கிழிந்து மேகசின் பக்கம் வெடிக்கும்.

முனையில் காம்பன்சேட்டர் (வாயுவைத் திருப்பி உதைப்பைக் குறைக்கும் கருவி) போடுவது பெரும்பாலும் சத்தத்துக்குத்தான் காசு. 16 அங்குலம் கடந்து வரும்போது 9 எம்.எம். மருந்தின் வாயு அழுத்தம் தணிந்திருக்கும், வேலை செய்ய வாயு வேண்டுமே. நீட்டிய சார்ஜிங் ஹேண்டில் மட்டும் கையுறை போடுபவர்களுக்கு உதவும். அதன் திருகு தளர்வது வாடிக்கை, பெயிண்ட் கோடு அங்கேயும் போடுங்கள்.

## 14. சிக்கினால் எங்கே பார்ப்பது

ஓடு பாதி வெளியேறி போல்ட்டில் மாட்டி நின்றால்: எக்ஸ்ட்ராக்டரின் கீழ் கரி. சுத்தம் செய்தும் எல்லா மேகசினிலும் வந்தால் எக்ஸ்ட்ராக்டர் ஸ்பிரிங்.

தோட்டா மூக்கைக் கீழே குத்தி நின்றால்: மேகசின், அல்லது கூடு சரியாக உட்காராமல் தோள்கட்டைத் திருகுகளை இறுக்கியது. பிரித்து மாட்டிய பிறகு புதிதாக வந்த சிக்கல் என்றால் முதலில் கூட்டைப் பாருங்கள்.

ப்ரைமரில் ஆழமில்லாத குழி, வெடிக்கவில்லை: அரை நிமிடம் துப்பாக்கியைக் குறி நோக்கியே பிடித்துவிட்டுப் பிறகு இறக்குங்கள். காரணம் ஊசித் துளை அழுக்கு, அல்லது நீங்கள் மாற்றிய ஸ்பிரிங்.

கடைசித் தோட்டாவுக்குப் பின் போல்ட் நிற்கவில்லை: பெரும்பாலும் தளர்ந்த மேகசின் ஸ்பிரிங். மேகசினை மாற்றிச் சுட்டாலே தெரிந்துவிடும்.

பிரித்து வைக்கும்போது இரண்டு பாதியையும் ஸ்பாஞ்சு வைத்த பெட்டியில் மாதக்கணக்கில் விடாதீர்கள். ஸ்பாஞ்சு ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும், ஹூஸ்டன் மாதிரி ஊரில் மூட்டின் உலோகப் பரப்பில் முதலில் துரு பூக்கும். எண்ணெய் தொட்ட துணியால் ஒருமுறை துடைத்து, பூட்டுள்ள பெட்டகத்தில் நிறுத்தி வையுங்கள், தோட்டாவை வேறிடத்தில்.